கைக்குழந்தைக்கு ஏற்ற அணையாடை

கன்னிப்பூ சாகுபடிக்கு அணை திறக்குமுன் வாய்க்கால்களைத் தூரெடுத்துச் சீர்செய்வது நாஞ்சில் நாட்டு உழவரின் நெடுநாள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் தோவாளை வட்டாரத்தில் அத்தகைய பணியொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கிளை வாய்க்கால் ஒன்றின் மடைவாயில் மழைநீர் இறங்க வழியின்றித் தேங்கி நின்றது. மண்வெட்டியுடன் இறங்கிய முதியவர் ஒருவர் அடைப்பை இழுத்துக் கரையில் போட்டார். வந்தவை சேறும் அல்ல; பாசியும் அல்ல. நீரை உண்டு உப்பிப் பருத்துக் கிடந்த பிளாஸ்டிக் அணையாடைகள். "ஐயா, பிள்ளைக்குக் கட்டுவதை இப்போது வாய்க்காலுக்கும் கட்டிவிட்டார்கள்" என்றார் அவர். உடனிருந்தோர் சிரித்தனர். ஆயினும் அந்த மடைக்குக் கீழே எத்தனை வயல்கள் நீரை எதிர்நோக்கியிருந்தன என்பதை எண்ணியபோது எனக்குச் சிரிப்பு எழவில்லை.

அன்று மாலை அவ்வூர்த் தாய்மார் சிலரிடம் இதுபற்றிப் பேசினேன். "துணி கட்டினால் துவைத்துக் காய வைக்க முடியவில்லை, மழைக்காலத்தில் என்ன செய்வது?" என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. "துணியே நல்லது" என்று மேடையில் நின்று கூறுவது எளிது. எந்தத் துணி, எத்தனை, எப்படித் துவைப்பது, எப்படி உலர்த்துவது என்று விளக்காமல் அவ்வாறு கூறுவதால் பயன் இல்லை. அவ்விளக்கத்தைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணையாடையின் வரலாறு

நம் வீடுகளில் இதனைக் கோவணத்துணி, மூத்திரத்துணி, லங்கோடு, நாப்கின் எனப் பலவாறாக வழங்குவர். பழைய வேட்டியும் நைந்த சேலையுமே தலைமுறை தலைமுறையாக இதற்குப் பயன்பட்டு வந்தன. புதுத் துணியைக் காட்டிலும் பலமுறை துவைத்த பழந்துணி மென்மையானது, நீரை விரைவில் ஈர்ப்பது என்பதை நம் பாட்டிமார் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

மேலை நாடுகளிலும் முற்காலத்தில் துணியே வழக்கில் இருந்தது. ஈரம் வெளியே கசியாமல் தடுக்கும் மேலுறை ஒன்றை 1946-ஆம் ஆண்டில் மேரியன் டோனவன் என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் வீட்டுக் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து உருவாக்கினார். 1951-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஒருமுறை கட்டி எறியும் 'பாம்பர்ஸ்' 1961-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1980-களில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வேதிப்பொருளை உள்ளே வைக்கும் முறை பரவியது. இப்பொருள் தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரை உறிஞ்சிக் கூழ்போல் ஆகிவிடும். குழந்தையின் தோலை உலர்வாக வைப்பதும் இதுவே. வாய்க்காலில் விழுந்தால் உப்பி மடையை அடைப்பதும் இதுவே.

வகைகள் நான்கு

இன்று நமக்குக் கிடைக்கும் துணி அணையாடைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஒற்றைச் சதுரத் துணி. பழைய பருத்தி வேட்டியிலிருந்து 60 சென்டிமீட்டர் அளவில் வெட்டி ஓரம் அடித்தது. இதனை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நீண்ட பக்கம் இடுப்பின் கீழ் அமையுமாறு குழந்தையைக் கிடத்தி, எதிர்முனையைக் கால்களின் இடையே மேலே கொணர்ந்து, பக்கமுனைகள் இரண்டையும் முடிய வேண்டும். துணி மெல்லியதாதலால் அழுக்கு எளிதில் போகும்; விரைவில் உலரும்; கொதிநீரிலும் இடலாம். ஈரத்தைத் தடுக்க மேலுறை இல்லாமையால் குழந்தை நனைந்தவுடன் மாற்ற வேண்டும் என்பது இதன் குறை. அக்குறையிலும் ஒரு நன்மை உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இரண்டாம் வகை, கயிறு வைத்துத் தைத்த லங்கோடு. கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பது. முடிவதற்கு எளிது, ஆனால் அளவு மாறாதது. குழந்தை வளர வளரப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். கயிறு இடுப்பை இறுக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அரைஞாணில் கோவணத்தைச் செருகும் வழக்கம் உள்ள வீடுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. கயிற்றுக்கும் வயிற்றுக்கும் இடையே இரண்டு விரல்கள் தடையின்றி நுழையும்படி அது தளர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகை, பல மடிப்புத் துணியும் தனி மேலுறையும். பருத்தித் துணியை நான்கு முதல் எட்டு மடிப்புகளாக வைத்துத் தைத்து, அதன்மேல் நீர் புகாத உறையொன்றை அணிவிப்பது. நனைந்த மடிப்புத் துணியை மட்டும் மாற்றிவிட்டு, உறையில் மலம் படாதிருந்தால் அதனைத் துடைத்து மீண்டும் பயன்படுத்தலாம். ஆகவே உறைகள் நான்கைந்து இருந்தாலே போதும். வீட்டில் தையல் இயந்திரம் உள்ளவர்கள் மடிப்புத் துணியைத் தாங்களே தைத்துக்கொள்ளலாம்.

நான்காம் வகை, பை அமைந்த அணையாடை. வெளிப்புறம் பாலியூரிதேன் பூசிய பாலியெஸ்டர் துணி. உட்புறம் மென்மையான செயற்கைத் துணி. இரண்டிற்கும் இடையேயுள்ள பையில் உறிஞ்சும் பட்டைத் துணியைச் செருக வேண்டும். பொத்தான்களை மாற்றிப் போட்டு அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயலுமாதலால், கைக்குழந்தைப் பருவம் முதல் நடை பழகும் பருவம் வரை ஒன்றே பயன்படும். இரவுக்கும் பயணத்திற்கும் ஏற்றது. தொடக்கச் செலவு மிகுதி என்பதும், உள்ளே செருகும் பட்டை மெதுவாக உலரும் என்பதும் இதன் குறைகள். பட்டையைத் தனியே எடுத்து உலர்த்தலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து விற்கும் வகையில் அதற்கும் வழியில்லை. மழை மிகுந்த நம் மாவட்டத்திற்கு அவ்வகை ஏற்றதன்று என்பது என் கருத்து.

துணியை அறிவது எப்படி?

கடையில் "பருத்தி" என்று சொல்லித் தருவனவெல்லாம் பருத்தி ஆகா. இரண்டு எளிய சோதனைகள் உண்டு. துணியின் மேல் ஒரு துளி நீரை விட்டால், துவைத்துப் பழகிய பருத்தி அதனை உடனே உள்ளிழுக்கும். செயற்கைத் துணியில் துளி முத்துப்போல் நிற்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

புதிய பருத்தித் துணியில் கஞ்சிப் பசையும் பருத்திக்கு இயல்பான எண்ணெய்ப் பசையும் இருக்கும். எனவே பயன்படுத்துமுன் நான்கைந்து முறை சோப்பு நீரில் துவைத்து உலர்த்த வேண்டும். "புதுத்துணி ஈரத்தை இழுக்கவில்லை" என்று குறை கூறுவோர் பெரும்பாலும் இதனைச் செய்யாதவர்களே.

கண் அகன்று நெய்த மல் துணியும் பழைய கைத்தறி வேட்டியும் பிறந்த குழந்தைக்கு மிகவும் ஏற்றவை. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தொழில் நடைபெறுவதைப் பலரும் அறிவர். அத்தகைய வலைத்துணியை இரண்டு மூன்று மடிப்பாக்கித் தைத்தாலும் நன்கு பயன்படும். டர்க்கித் துவாலை மிகுதியான ஈரத்தைத் தாங்கும்; ஆயினும் அடைமழையில் எளிதில் உலராது. 'மைக்ரோபைபர்' எனப்படும் செயற்கைப் பட்டை ஈரத்தை வேகமாக இழுக்கும். அதனைப் பைக்குள் மட்டுமே வைக்க வேண்டும்; தோலில் நேரே பட்டால் தோலின் இயல்பான ஈரத்தையும் இழுத்துப் புண்ணாக்கும்.

எத்தனை வேண்டும்?

பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துணியை நனைக்கலாம். அன்றன்று துவைத்தாலும் மழைநாளில் மறுநாளே உலரும் என்று சொல்ல இயலாது. ஆகையால் இரண்டு நாள் தேவைக்குக் குறையாமல், அதாவது 24 சதுரங்களாவது கையிருப்பில் இருத்தல் நலம். மழைக்காலப் பிறப்பாயின் 36 வைத்துக்கொள்க. ஓர் எட்டு முழ வேட்டியிலிருந்து 60 சென்டிமீட்டர்ச் சதுரங்கள் 12 கிடைக்கும். ஆகவே பழைய வேட்டிகள் இரண்டோ மூன்றோ இருந்தால் வீட்டுக்கு வேண்டிய துணி முழுவதும் கைக்காசு செலவின்றிக் கிடைத்துவிடும். குழந்தை வளர்ந்தபின் நனைக்கும் தடவைகள் குறையும். அப்போது பகலுக்குச் சதுரத் துணியும் இரவுக்குப் பை வகையில் நான்கைந்தும் இருந்தால் போதுமானது.

ஒரு செலவுக் கணக்கையும் பார்ப்போம். எறியும் அணையாடை நாளொன்றுக்கு 6 என்று கொண்டால் ஆண்டுக்கு 2,190 ஆகும். ஒன்றின் விலை 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு 21,900 ரூபாய். பை வகையை ஒன்று 300 ரூபாய் வீதம் 8 வாங்கினாலும் 2,400 ரூபாய்தான். அதுவும் ஒருமுறைச் செலவு. அடுத்த குழந்தைக்கும் அதுவே உதவும். விலை ஊருக்கு ஊர் மாறும். அவரவர் ஊர் விலையை இட்டு இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்குமாறு குடும்பத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

துவைத்தலும் உலர்த்தலும்

கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பெரியவர்களின் மலத்தைப் போலவே அதிலும் வயிற்றுப்போக்கு முதலிய நோய்களைப் பரப்பும் கிருமிகள் இருக்கக்கூடும். ஆகவே அத்துணியை வாய்க்காலிலோ குளத்துப் படித்துறையிலோ அலசுதல் கூடாது. நாம் அலசும் நீரைத்தான் அடுத்த துறையில் மற்றொருவர் வாய் கொப்பளிக்கப் பயன்படுத்துகிறார் என்பதை மறக்கலாகாது.

முதலில் மலத்தைக் கழிப்பறையில் தள்ளிக் குளிர்ந்த நீரால் அலசுக. பிறகு மூடியுள்ள வாளியில் இட்டு அன்றைய துணிகளை ஒருசேரச் சோப்பிட்டுத் துவைக்கலாம். சோப்பு துணியில் தங்கினால் தோல் எரியும். எனவே நல்ல நீரில் இருமுறையாவது அலச வேண்டும். மணத்திற்காகவும் மென்மைக்காகவும் விற்கப்படும் திரவங்களைச் சேர்க்க வேண்டா. அவை துணியின் உறிஞ்சும் திறனைக் குறைக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ தோலில் பூஞ்சைப் புண் கண்டாலோ பருத்தித் துணிகளைக் கொதிநீரில் இட்டு எடுக்கலாம். நீர் புகாத உறைகளைக் கொதிநீரில் இட்டால் பூச்சு உரிந்து கெட்டுவிடும். துணி ஊறும் வாளி எப்போதும் மூடியே இருக்கட்டும். தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்து உயிரிழக்கச் சிறிதளவு நீரே போதும். துவைத்து முடித்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது இன்றியமையாதது. துவைத்த நீரைக் கிணற்றுக்கு அப்பால் உறிஞ்சுகுழியில் விடுக.

உலர்த்துவதற்கு வெயிலைப் போன்ற நண்பன் இல்லை. அது ஈரத்தைப் போக்குவதுடன் கிருமிகளைக் குறைக்கும், கறையையும் வெளுக்கும். நம் மாவட்டமோ தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறுவது. இயற்கை இதற்கு ஈடாக ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நமக்கு வழங்கியுள்ளது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று, தாழ்வாரத்தில் கட்டிய ஒரு கயிற்றில் துணியை உலர்த்தித் தராதா? துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல் இடைவெளி விட்டு, கூரையின் கீழ்க் காற்று பாயும் திசையில் கொடி கட்டினால், மெல்லிய சதுரங்கள் வெயிலின்றியே உலர்ந்துவிடும். முழுதும் உலராத துணியைக் கட்டுதல் மட்டும் ஒருபோதும் கூடாது.

இவ்விடத்தில் என் வீட்டு அனுபவத்தையும் ஒளிக்காமல் கூற வேண்டும். என் மூத்த பிள்ளை பிறந்தபோது, நவீனமானது என்று எண்ணிக் கனத்த பட்டை வைத்த அணையாடைகளை மட்டுமே வாங்கினேன். ஐப்பசி மழை தொடங்கியது. மூன்று நாளாகியும் பட்டைகள் உலரவில்லை. நான்காம் நாள் என் மாமியார் தம் பெட்டியிலிருந்து பழைய வேட்டி ஒன்றை எடுத்துக் கிழித்தார். அன்றோடு சிக்கல் தீர்ந்தது. மெல்லிய துணியை மடித்துக் கனமாக்கலாம். கனமான துணியைப் பிரித்து உலர்த்த முடியாது என்னும் பாடத்தை நான் பட்டம் பெற்ற கல்லூரியில் கற்கவில்லை. அந்த மழையில் கற்றேன்.

பெட்டித் துணியும் அந்துருண்டையும்

பழந்துணியைப் பற்றிக் கூறும்போது மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. துணிப்பெட்டியில் பூச்சி வராமலிருக்க நாம் இடும் அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன் என்னும் பொருளால் ஆனது. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஒரு நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். பார்த்து அறிய இயலாது. அக்குழந்தைகளுக்கு அந்துருண்டை மணம் ஏறிய துணியை உடுத்தினால் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலையும் சோகையும் உண்டாகலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். ஆகவே குழந்தைக்கென ஒதுக்கும் துணிகளுடன் அந்துருண்டையை வைத்தலாகாது. அவ்வாறு வைத்த துணியாயின் அதனை விலக்கி, அந்த மணம் படாத வேறு துணியை எடுப்பதே பாதுகாப்பு. பூச்சியைத் தடுக்க உலர்ந்த வேப்பிலையை வைக்கலாம். பயன்படுத்துமுன் துணியைத் துவைத்துக்கொள்க.

தோல் புண்ணும் அதன் காரணமும்

இடைப்பகுதியில் தோல் சிவந்து புண்ணாவதற்கு முதற்காரணம் ஈரமே. சிறுநீரும் மலமும் நெடுநேரம் தோலில் பட்டிருந்தால் தோல் ஊறி நொய்ந்துவிடும்; மலத்திலுள்ள நொதிகள் அதனை அரிக்கும். எனவே எந்த வகையைக் கட்டினாலும் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறையும், மலம் கழித்தவுடனேயும் மாற்ற வேண்டும். வெறும் நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சிறிது நேரம் காற்றாட விட்டு, மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் தடவலாம். முகப்பூச்சு மாவைத் தூவுதல் வேண்டா. அம்மாவு குழந்தையின் மூச்சுக்குழலில் புகுந்து தீங்கு செய்யக்கூடும். தொடை மடிப்புகளில் அடர்ந்த சிவப்பும் அதைச் சுற்றிச் சிறு கொப்புளங்களும் கண்டால் அது பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். கைவைத்தியத்தில் நாளைக் கழிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்க.

தொப்புள் கொடி உதிரும் வரை துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்ட வேண்டும். கால்கள் தவளையின் கால்கள்போல் மடங்கி விரிந்திருத்தல் குழந்தைக்கு இயல்பு. அவற்றை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டின் வளர்ச்சி கெடும். முடிச்சு முதுகின் கீழ் அமையலாகாது, பக்கத்தில் அமையட்டும்.

ஒற்றைத் துணியில் ஒரு நன்மை உண்டு என்று மேலே கூறினேன். குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆனபின், நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று கொள்ளலாம். துணி கட்டும் தாய் இதனை எண்ணிச் சொல்வாள். ஈரத்தை உள்ளே மறைத்துவிடும் எறியும் வகையில் இக்கணக்கு எளிதில் கிட்டாது. ஆறுக்குக் குறைந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

குழந்தை சற்று வளர்ந்து தலை நின்றபின், தாய் தன் கால்களின் மேல் அமர்த்திக் கழிக்கச் செய்யும் பழைய வழக்கமும் போற்றத்தக்கது. பால் குடித்த சிறிது நேரத்தில் இவ்வாறு செய்து பழக்கினால் துவைக்க வேண்டிய துணிகளின் எண்ணிக்கை குறையும்.

எறியும் வகையை அறவே விலக்க வேண்டுமா?

அவ்வாறு நான் கூறவில்லை. நீண்ட பயணம், மருத்துவமனை வாசம், தாயின் நோய், தண்ணீர்த் தட்டுப்பாடு ஆகிய சமயங்களில் அது உதவும். தோவாளையில் பொழுது விடியுமுன்பே பூச்சந்தை கூடுகிறது. விடிய விடியப் பூக்கட்டும் தாய் இரவில் ஒன்றைப் பயன்படுத்தினால் அவளைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. வேண்டுவது இதுதான்: பயன்படுத்தியபின் மலத்தைக் கழிப்பறையில் நீக்கி, சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து, தனியே கட்டித் தூய்மைக் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். உற்பத்தியாளர் தரும் பையிலோ தக்க உறையிலோ பொதிந்தே இதனை ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்துரைத்தன. வாய்க்காலில் எறிதலும், எருக்குழியில் இடுதலும், தென்னை ஓலையோடு சேர்த்துக் கொளுத்துதலும் கூடா. அதிலுள்ள பிளாஸ்டிக் எருவாக மட்காது. எரித்தால் எழும் புகை அதே குழந்தையின் நுரையீரலைச் சென்றடையும்.

துணி என்பதாலேயே எல்லா நன்மையும் தானே வந்துவிடும் என்றும் எண்ணலாகாது. பிரிட்டன் அரசின் சார்பில் 2008-இல் வெளிவந்த ஆய்வு, சூடான நீரில் துவைத்து மின் உலர்த்தியில் உலர்த்தினால் துணியின் மேன்மை மறைந்துவிடும் என்று காட்டியது. நிறைய துணிகளை ஒருசேரத் துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால் கரியமிலச் சுமை சுமார் 40 விழுக்காடு குறையும் என்றும் அது கூறியது. கொடியில் உலர்த்துவதும் மூத்த பிள்ளையின் துணியை இளைய பிள்ளைக்கு எடுத்து வைப்பதும் நம் வீடுகளுக்குப் புதியன அல்லவே.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர் தோவாளைக் கால்வாய் வழியாக நம் வயல்களை அடைவதற்கு எத்தனையோ பேர் உழைத்தனர். அந்நீரின் இறுதி முழத்தை ஒரு கைப்பிடிக் குப்பை தடுப்பதை ஊராட்சி உறுப்பினர்கள் பொறுத்திருத்தல் தகாது. கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசலாம். பெண்கள் பேசத் தயங்கும் விஷயம் என்று ஒதுக்காமல், சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் அழைத்து விளக்கச் செய்யலாம். வாய்க்காலை விட்டு விலகிய இடத்தில் உறிஞ்சுகுழியுடன் கூடிய துவைகல் ஒன்றை அமைக்கலாம். தையல் அறிந்த மகளிர் சுய உதவிக் குழுவினர் சதுரத் துணிகளையும் மடிப்புத் துணிகளையும் தைத்து, மகப்பேற்றை எதிர்நோக்கும் வீடுகளுக்கு விற்கலாம். மலரை மடித்துத் தொடுக்கும் மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் நம் தோவாளை. துணியை மடித்துத் தைக்கும் தொழில் இங்குள்ள விரல்களுக்குக் கடினமாகாது.

ஆடவருக்கு ஒரு வார்த்தை

உழவர் பெருமக்களே, இக்கட்டுரையைப் படிப்போரில் பெரும்பாலோர் நீங்களே என்பதை அறிவேன். "பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. துணியா பிளாஸ்டிக்கா என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்வது விலை அன்று. துவைக்கும் கை எத்தனை என்பதே. பிள்ளை பெற்று உடல் தேறாத ஒருத்தி நாளும் பன்னிரண்டு துணிகளைத் தனியே துவைக்க வேண்டும் என்றால் அவள் எறியும் வகையைத்தான் நாடுவாள், அதில் வியப்பில்லை. என் வீட்டிலும் முதல் பிள்ளையின் துணிகளை என் மனைவியே துவைத்தாள். நான் துணியின் நன்மையைப் பற்றிக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பிள்ளைக்கு அதிகாலைத் துவைப்பை நான் ஏற்றேன். அரைமணி நேர வேலை. அந்த அரைமணி நேரத்தால் அவளுக்கு உறக்கம் கிடைத்தது. குழந்தைக்கு உலர்ந்த துணி கிடைத்தது.

ஆகவே பிறந்தது முதல் சில மாதங்களுக்குப் பழைய பருத்தி வேட்டிச் சதுரங்கள். பின்னர்ப் பகலில் அவையே, இரவுக்குப் பை வகையோ மடிப்புத் துணியும் உறையுமோ. மழைக்காலத்திற்கு மெல்லிய துணிகள் கூடுதலாகப் பன்னிரண்டு. தவிர்க்க இயலாத நேரத்திற்கு மட்டும் எறியும் வகை. தோவாளை வட்டாரத்தின் காற்றுக்கும் மழைக்கும் வருவாய்க்கும் ஏற்ற ஏற்பாடு இதுவே என்று துணிந்து கூறலாம். அடுத்த கன்னிப்பூவுக்கு வாய்க்காலைத் தூரெடுக்கும்போது அந்த முதியவரின் மண்வெட்டியில் சேறு மட்டும் வரட்டும். சேறு வயலுக்கு எருவாகும்.